லாட்ஜ் நம்முடையது என்றால் மதம் பார்த்து ரூம் கொடுக்கலாமா?

காட்பாடிக்காரன்:
வேலூர் காந்தி ரோடு பக்கம் என் மச்சான் லாட்ஜ் நடத்துகிறார். ஆஸ்பத்திரிக்கு வந்த கொல்கத்தா குடும்பத்தை, ராத்திரி பத்து மணிக்கு, வேறு மதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கேட்டால் "என் இடம், என் நம்பிக்கை" என்கிறார். சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

சத்துவாச்சாரி:
இல்லை. அரசியலமைப்பின் 15(2) கடை, ஓட்டல் என்று பெயர் சொல்லியே மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது, தனியார் இடமானாலும் சரி. மத உரிமை தரும் 25-ஆவது பிரிவும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதுதான். தீண்டாமை என்று வந்தால் 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்ற வழக்கே பாயும். லாட்ஜில் கறி சமைக்கமாட்டேன் என்றால் அது வேறு, அதை யாரும் கேட்க முடியாது.

பிரியாணிப் பிரியன்:
அமெரிக்காவில் ஓரினச் சேர்க்கை ஜோடிக்குத் திருமண கேக் செய்ய மாட்டேன் என்று மத நம்பிக்கையைச் சொல்லி மறுத்த கேக் கடைக்காரர் 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தாரே?

சத்துவாச்சாரி:
ஜெயித்தார், நீதிபதிகள் 7-2 என்று பிரிந்தார்கள். ஆனால் அவர் மேல் புகாரை விசாரித்த கொலராடோ மாநில குடிமை உரிமை ஆணையம் அவர் மதத்தை இளக்காரமாகப் பேசியதால்தான். கடைக்காரர் யாரை வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று கோர்ட் சொல்லவில்லை.

காட்பாடிக்காரன்:
சரி, அக்காவிடம் சொல்கிறேன். அவள் பேச்சைத்தான் அவர் கேட்பார்.