பால், கறி, முட்டை மூன்றையும் விட்டால் சுகரும் கொழுப்பும் இறங்குமா? வேலூர்ப் பக்கம் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ராணிப்பேட்டை ஷிப்ட்

வயது 43. தோல் தொழிற்சாலையில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 158, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 6.9. சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருடமாக ஓடுகிறது. கொழுப்புக்கும் மாத்திரை தொடங்கலாம் என்றார் டாக்டர், நான்தான் மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிறேன் என்று அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன்.

சென்னையில் இருக்கும் மச்சான் வீகனுக்கு, அதாவது பால், கறி, முட்டை எதுவும் இல்லாத சாப்பாட்டுக்கு மாறி நன்றாக இளைத்திருக்கிறான், பேச்சும் அதைப் பற்றித்தான். அவன் சாப்பிடும் பாதாம் பால், டோஃபு எல்லாம் எனக்குக் கட்டுப்படி ஆகாது, இங்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. அம்மாவோ “தயிரும் வேணாம்னா சோத்த எதுலடா பிசைவ” என்று ஒரே கேள்வியில் நிற்கிறார். நைட் ஷிப்டில் டீ இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேறு. நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே இதைச் செய்ய முடியுமா, செய்தால் உடம்பு தளர்ந்து போகுமா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் சீரகசம்பா

தம்பி, முதலில் பிரியாணி மேல் பழி போடுவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு எல்டிஎல் 158க்கு ஆடுதான் காரணம் என்றால் எப்படி? ஷிப்ட் இடைவேளையில் பேக்கரியில் நிற்கிறீர்களே, அந்த பஃப்ஸ், பிஸ்கட், சாயங்கால பஜ்ஜி, இதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்களா? பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைகொழுப்பு. அதுவும் செடியிலிருந்து வந்ததுதான், வீகன்தான். வெள்ளைச் சோறு வீகன், சர்க்கரை வீகன், கலர் சோடாவும் வீகன். என் தங்கை வீட்டுக்காரர் கறியை விட்டார், அந்த இடத்தில் இன்னும் இரண்டு கரண்டி சோறு ஏறியது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மேலே போனதுதான் மிச்சம்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

குடியாத்தம் தறி

இதற்கு ஏன் பாதாம் பால்? நம் தாத்தா பாட்டி சாப்பிட்டதை எழுதிப் பாருங்கள்: காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களிக்குக் கீரைக் கடைசல் அல்லது கொள்ளு ரசம், ராத்திரி காராமணிக் குழம்பு. மோரை எடுத்துவிட்டால் மொத்தமும் வீகன். கறி என்பது திருவிழாவுக்கும் மாமியார் வீட்டுக்கும்தான். நான் இப்போது காலையில் கூழ், வெங்காயம், பச்சை மிளகாய், மத்தியானம் ஜவ்வாது மலைச் சாமைச் சோறு என்று ஓட்டுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைப் புளி விட்டுக் கடைந்தால் களிக்கு வேறு எதுவும் வேண்டாம். புரதத்துக்கு மொச்சை, துவரை, மல்லாட்டை (நிலக்கடலை).

வைட்டமின் பி12, பி12 என்று பயமுறுத்துவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். புளித்த கூழிலும் பழைய சோற்றிலும் அது இருக்கிறது, நம் குடலே அதைத் தயாரிக்கும் என்று நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

காட்பாடி உணவியல்

தறி அண்ணா சொன்ன சாப்பாட்டில் எனக்குக் குறையே இல்லை, கடைசிப் பத்தியில்தான் சண்டை. 1980ல் வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியது உண்மை: ஆரோக்கியமான சிலரின் சிறுகுடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிப்பதைக் காட்டினார்கள். அந்த அளவு ஒரு ஆளுக்குப் போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. போதும் என்றால் பால் தயிர் சாப்பிடும் சைவக்காரர்களிடமே நம் நாட்டில் இவ்வளவு பி12 குறைபாடு இருக்காது. கூழையும் பழைய சோற்றையும் பி12க்காக நம்ப முடியாது. “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பதும் சான்று ஆகாது, கல்லீரலில் இருக்கும் சேமிப்பு தீரச் சில வருடங்கள் ஆகும், அதுவரை தெரியாது.

கேள்வி கேட்டவருக்கு இது இன்னும் முக்கியம். மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தாலே பி12 உறிஞ்சப்படுவது குறையும். அதோடு பால், முட்டை, கறி மூன்றையும் நிறுத்தினால் வரும் வழியும் அடைபடும். பிறகு கால் எரிச்சல், பாதம் மரத்துப்போவது என்று வந்தால் சுகர்தான் காரணம் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆகவே மாறுவதற்கு முன்பே ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள், மாத்திரை எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுத் தொடர்ந்து எடுங்கள். விலை அதிகம் இல்லை.

பலன் உண்டா என்றால், உண்டு. 2023ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஒரே மாதிரி இரட்டையர் 22 ஜோடிகளை எடுத்து, ஒருவருக்கு வீகன், இன்னொருவருக்கு கறியும் சேர்ந்த நல்ல சாப்பாடு என்று எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வீகன் பக்கம் எல்டிஎல் சுமார் 14 புள்ளி கூடுதலாக இறங்கியது. நல்ல இறக்கம்தான், ஆனால் சுகரும் இருக்கும் ஒருவருக்கு 158லிருந்து போக வேண்டிய தூரம் அதைவிட அதிகம். டாக்டர் எழுதும் கொழுப்பு மாத்திரைக்குப் பதிலாக இதை நினைக்காதீர்கள், கூடச் சேர்த்துச் செய்யுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு என்ற இன்னொரு சுகர் மாத்திரையும் இருந்தால் சோற்றைச் சடாரென்று குறைத்தவுடன் சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம், நைட் ஷிப்டில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்.

கால்சியத்துக்குப் பயப்பட வேண்டாம். பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 பக்கம் வருகிறது, முருங்கைக்கீரையும் எள்ளும் இருக்கவே இருக்கின்றன. கேழ்வரகை முளைகட்டியோ புளிக்கவைத்தோ சாப்பிட்டால் இன்னும் நன்றாக உடம்பில் ஒட்டும். களி என்றாலும் மாவுச்சத்துதான், உருண்டையைச் சின்னதாக்கிக் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து ஏறும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறாது.

ராணிப்பேட்டை ஷிப்ட்

எல்லோருக்கும் நன்றி. மெட்ஃபார்மின் விஷயம் எனக்கு யாரும் சொல்லவே இல்லை, நாளைக்கே பி12 பார்க்கிறேன். கிளிமிபிரைடு இல்லை, வெறும் மெட்ஃபார்மின்தான். பஃப்ஸ் பற்றி ஆம்பூர்க்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் தெரியவில்லை. டீக்கும் தயிருக்கும் மட்டும் வழி சொல்லுங்கள், அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரி அக்கா

தம்பி, தயிருக்கு மல்லாட்டை இருக்கிறது. பச்சை மல்லாட்டையை ராத்திரி ஊறப்போட்டு, தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு மையாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்தைப் போட்டு மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மறுநாள் காலையில் உறைந்துவிடும். முதல் தடவை கொஞ்சம் நீர்த்திருக்கும், அதையே உறையாக வைத்து அடுத்தது போட்டால் கெட்டிப்படும். கடலை வாசம் இருக்கத்தான் செய்யும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துச் சோற்றில் பிசைந்தால் அம்மா சாப்பிடுவார்கள், கேட்டால் மட்டும் என்னவென்று சொல்லுங்கள்.

டீக்கு இந்தப் பாலை ஊற்றாதீர்கள், நன்றாக இருக்காது. சோயா பால் பரவாயில்லை, சர்க்கரை சேர்க்காததா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். கடையில் என்றால் பால் இல்லாமல் இஞ்சி தட்டிப் போட்ட டீ கேளுங்கள், இல்லாவிட்டால் சுக்கு காபி, இரண்டுக்கும் சர்க்கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கருப்பட்டி போடட்டுமா என்று கேட்டாலும் அதேதான், சுகருக்கு இரண்டும் ஒன்று. ஓட்டலில் இட்லிக்குப் பிரச்சினை இல்லை, பொங்கலும் நெய் ரோஸ்டும் வேண்டாம், பரோட்டா மாவில் சில கடைகளில் முட்டையும் பாலும் சேர்ப்பார்கள்.

ஆம்பூர் சீரகசம்பா

ஞாயிற்றுக்கிழமை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

காட்பாடி உணவியல்

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் ரிப்போர்ட்டை இங்கே போடட்டும், அப்புறம் பேசலாம்.