தம்பியின்ட யூனிவர்சிட்டி மோதிரம், செட்டியார் தெருவுல செய்யலாமா?

வெள்ளவத்தை அக்கா:
தம்பி அமெரிக்காவில டெக்சஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டியில மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறான், 90 கிரெடிட் (பாடங்களுக்குக் கிடைக்கிற புள்ளிக் கணக்கு) முடிஞ்சுதாம், இனி மோதிரம் ஓடர் பண்ணலாமாம், போன்ல ஒரே சந்தோஷம். ரிங் டே எண்டு மோதிரம் குடுக்கிற பெரிய விழா வேற இருக்காம். அம்மா சொல்றா, அவ்வளவு டொலர் குடுத்து 10 கரட்ல ஏன் வாங்கோணும், டிசைனை அனுப்பச் சொல்லு, கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையில 22 கரட்ல செஞ்சு ஆரிட்டயாவது குடுத்து விடுவம் எண்டு. அவ ஆசையிலதான் சொல்றா, ஆனா அவனுக்கு முகம் சுருங்கிட்டு. அங்க படிச்ச ஆக்கள் சொல்லுங்க, இது அவ்வளவு பெரிய விசயமா?

கொட்டாஞ்சேனை அண்ணன்:
பெரிய விசயம்தான் தங்கச்சி, இங்க செய்யவே வேணாம். அது கடையில காசு குடுத்து ஆரும் வாங்கிற சாமான் இல்ல, கிரெடிட் கணக்கு சரியா எண்டு பார்த்துத்தான் அங்கத்தைய பழைய மாணவர் சங்கம் ஓடர் எடுக்கும். முதல் மோதிரம் 1889ல வந்தது, இப்ப இருக்கிற டிசைன் 1894ல இருந்து கிட்டத்தட்ட அப்பிடியே இருக்கு, 1963ல கொலிஜ் யூனிவர்சிட்டி ஆனதால பேர் மட்டும் மாறினது. மேல கழுகு, கேடயத்தில 13 கோடு, 5 நட்சத்திரம், உள்ளுக்குள்ள தம்பியின்ட பேர். படிச்சு முடியுமட்டும் மோதிரத்தில இருக்கிற வருஷ இலக்கம் போடுறவரைப் பார்க்கத்தான் போடோணும், பட்டம் எடுத்தாப்பிறகுதான் வெளிய பார்க்கத் திருப்பிப் போடுவாங்க. 60 வருஷத்துக்கு முந்திப் படிச்ச கிழவரும் அதே மோதிரத்தோட எயார்போட்டில நிண்டு இவனோட கதைப்பார், அந்த உறவை 22 கரட்ல செய்ய ஏலாது.

செட்டியார் தெரு பொடியன்:
தங்க வேலைக் குடும்பம் நாங்க. அம்மாட்ட சொல்லுங்கோ அக்கா, 22 கரட்ல தங்கம் 91.6 வீதம், மென்மையா இருக்கும், தாலிக்கொடிக்கும் வளையலுக்கும் அது வடிவு. இந்த மாதிரிச் சின்னச் சின்ன எழுத்தும் சித்திரமும் உள்ள மோதிரத்தை ஒவ்வொரு நாளும் போட்டா கொஞ்சக் காலத்தில தேஞ்சிடும். 10 கரட்ல தங்கம் 41.7 வீதம்தான், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரிக் கலப்பு, அதாலதான் உறுதி. 14 கரட்டும் அங்க எடுக்கலாம், அம்மாக்கு மனசு கேக்காட்டி அதுக்குக் காசு சேர்த்துக் குடுக்கட்டும்.

தெஹிவளைக்காரன்:
கனடாவில எஞ்சினியர் ஆக்கள் 1925ல இருந்து போடுறது இரும்பு மோதிரம், இப்ப கூடுதலா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வேலை செய்யிற கையின்ட சின்ன விரல்ல, சத்தியம் எடுத்துப் போட்டுத்தான் போடுறது. என்ட மச்சாள் ஒருநாளும் கழட்ட மாட்டா, அதில தங்கம் ஒரு துளியும் இல்ல.

வெள்ளவத்தை அக்கா:
எல்லாருக்கும் நன்றி, அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், 14 கரட்டுக்கு ஓம் எண்டிட்டா. இன்னொண்டு, மோதிரத்தை பியருக்குள்ள போட்டு ஒரே மூச்சில குடிக்கிறதாமே?

கொட்டாஞ்சேனை அண்ணன்:
அது பொடியள் தாங்களா தொடங்கினது, விழாவில சேர்த்தி இல்ல. மோதிரம் தொண்டைக்குள்ள போற ஆபத்து வேற, கண்டிப்பாச் சொல்லி வையுங்கோ. ஐஸ்கிரீமுக்குள்ள போட்டு எடுக்கிற பிள்ளையளும் இருக்கினம். ரிங் டேல வீட்டு ஆக்கள்தான் விரல்ல போட்டு விடுறது வழக்கம். விசா சரிவராட்டி வீடியோ கோல்ல நில்லுங்கோ, ஏப்ரல்ல எண்டா நாங்க பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு, அங்க காலமை பத்து மணிக்கு இங்க இரவு எட்டரை.