துளை போடாமல் பனியின் ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்?

பென்னாகரம் விவசாயி:
போன மாதம் மாந்தோப்பில் போர் போட்டோம். நீரோட்டம் பார்த்தவர் 400 அடியில் தண்ணீர் என்றார். 900 அடி போயும் கல்மாவுப் புகைதான் வந்தது. நான்கு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. நேற்று மகள், அண்டார்டிகாவில் பனி சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமன் என்று படித்தாள். அடியில் பாறை இருப்பது மேலிருந்தே எப்படித் தெரிகிறது?

ஊத்தங்கரை ஆசிரியர்:
அண்ணா, விமானத்தில் ரேடாரைக் கட்டிக்கொண்டு பறப்பார்கள். குளிர்ந்த பனிக்கட்டி ரேடியோ அலையை அதிகம் உறிஞ்சாது. மேற்பரப்பில் பட்டு ஓர் எதிரொலி வரும், அடிப்பாறையில் பட்டு இன்னொன்று. பனிக்குள் அலை மைக்ரோநொடிக்குச் சுமார் 168 மீட்டர் ஓடும். இடைவெளி 36 மைக்ரோநொடி என்றால் போக வர 6,048 மீட்டர், அதில் பாதிதான் தடிமன். நம் ஈரமண்ணும் களிமண்ணும் அலையைச் சீக்கிரம் விழுங்கிவிடும், அதனால் உங்கள் தோப்பில் இது எடுபடாது.

பென்னாகரம் விவசாயி:
சரி தம்பி, மேற்பரப்பின் மேடு பள்ளம்?

பர்கூர் மாணவி:
அது செயற்கைக்கோள் வேலை அண்ணா. நாசா 2018இல் ஏவிய ஐஸ்சாட்-2 நொடிக்கு 10,000 முறை பச்சை லேசரை அனுப்பி, ஒளி திரும்பும் நேரத்தை அளக்கிறது. அடர்ந்த மேகம் வந்தால் லேசர் தடைபடும். ஐரோப்பாவின் கிரையோசாட்-2இல் இருப்பது ரேடார், மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். துருவத்தில் மாதக்கணக்கில் இரவு அல்லவா!

பென்னாகரம் விவசாயி:
மகள் கணக்குப் போட்டுவிட்டாள், 3,024 மீட்டர். பனிக்கு அடியில் ஏரிகூட இருக்கிறதாமே, அதையும் இந்த எதிரொலியில்தான் கண்டார்களா?

ஊத்தங்கரை ஆசிரியர்:
ஆமாம் அண்ணா. தண்ணீர் மேல் பட்ட எதிரொலி பளிச்சென்று, சமதளமாக வரும்.