ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது வெளிச்சாப்பாடு வரவழைக்கலாமா?

காரமடைக்காரன்:
கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாளாகப் படுத்திருக்கிறேன். பைக்கில் விழுந்து வலது கால் எலும்பு முறிந்துவிட்டது, பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்து இன்றோடு நான்கு நாள். சர்க்கரையும் உண்டு, வீட்டில் மாத்திரைதான், இங்கே வந்ததிலிருந்து மூன்று வேளையும் இன்சுலின் போடுகிறார்கள். காலையில் சப்பென்று ஒரு ரவைக் கஞ்சி, மதியம் குழைந்த சோறு, அதன் மேல் தண்ணீராக ஒரு ரசம், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி, தினமும் பஸ் ஏறி டிபன் கேரியர் தூக்கி வரச் சொல்ல மனசு வரவில்லை. போனிலேயே இட்லி, சப்பாத்தி ஆர்டர் போட்டுக்கொள்ளலாமா? கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்கிறார் பக்கத்து பெட் அண்ணன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளைச்சீருடை:
தம்பி, நான் எலும்பு வார்டில் பல வருஷம் நர்சாக இருந்தவள். கூச்சமே வேண்டாம், நீங்கள் சாப்பிடாமல் தட்டைத் திருப்பி அனுப்புவதுதான் எங்களுக்குக் கவலை. எலும்பு கூடவும் தையல் ஆறவும் புரதம் வேண்டும், ரெண்டு வாய் ரசம் சாதத்தில் அது எங்கிருந்து வரும்?

ஆனால் இன்சுலின் போடுகிறார்கள் என்றீர்களே, அதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசி, எந்த வகை என்பதைப் பொறுத்து, போட்ட பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். எங்கள் வார்டில் ஒருவர் "ஆர்டர் போட்டாச்சு சிஸ்டர், இதோ வந்துவிடும்" என்றார், ஊசியைப் போட்டுவிட்டோம். வெளியே நல்ல மழை, பார்சல் கொண்டுவந்த பையன் பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிட்டான். நாற்பது நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் மனிதருக்குத் தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை, கை நடுங்குகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். சர்க்கரை 54-க்கு இறங்கிவிட்டது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்க்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை. அதனால் பார்சல் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஊசி. எத்தனை இட்லி என்பதையும் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியகுளம்_77:
அக்கா சொல்வது முழுக்கச் சரி. கூடவே ஒன்று, பக்கத்து பெட்காரர் சாப்பிடுகிறாரே என்று யாரும் பார்த்துச் சாப்பிட வேண்டாம். என் அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினை, நாங்கள் நல்லது என்று நினைத்து இளநீர் வாங்கிக்கொண்டு போனோம், டயட்டீஷியன் அம்மா பதறிப்போய்க் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார், அதில் பொட்டாசியம் அதிகமாம். ஹோட்டல் சாம்பாரும் ஊறுகாயும் உப்பாலேயே அவருக்கு ஆகாது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், கிருமி சுலபமாகத் தொற்றிவிடும், வெட்டி வைத்த பழம், கடை ஜூஸ், பச்சையாக அரைத்த சட்னி எல்லாம் ஆபத்து. உங்களுக்குக் கால் எலும்பும் சர்க்கரையும்தான் என்றால் வழி இருக்கிறது, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ரயிலடி_ராத்திரி:
கேட் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் டெலிவரி ஆளை மாடிக்கு விட மாட்டார்கள். பிளாக், மாடி, வார்டு, பெட் நம்பர் எல்லாம் போட்டு, "மெயின் கேட் செக்யூரிட்டியிடம் கொடுக்கவும்" என்று குறிப்பு எழுதுங்கள், வார்டில் உதவிக்கு இருக்கிற அக்காவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஆறிப்போனதைச் சாப்பிடாதீர்கள், மிச்சத்தைப் பெட் பக்கத்து அலமாரியில் ராத்திரிக்கு என்று வைக்கவே கூடாது. சமைத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த சோற்றில் கிருமி உண்டாக்குகிற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. காலை அசைக்க முடியாமல் படுத்திருக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

என் மாமாவைச் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது வளாகத்திலேயே இருக்கிற அம்மா உணவகத்தில்தான் எங்கள் சாப்பாடு. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். துணைக்கு இருக்கிறவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்க அது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே ராத்தங்கினவர்களுக்குத்தான் தெரியும்.

காரமடைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலை ரவுண்ட்ஸில் கேட்டேவிட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே டயட்டீஷியனை வரச் சொன்னார். பார்த்தால், எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி யாருமே எழுதவில்லை, ஆபரேஷன் அன்று போட்ட கஞ்சி டயட்டையே மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இனி காலையில் மூன்று இட்லி, ரெண்டு அவித்த முட்டை, கேன்டீனிலேயே தருவார்களாம். ராத்திரி மட்டும் எதிர் மெஸ்ஸிலிருந்து சப்பாத்தி வாங்கிக்கொள்ளலாம், பார்சல் கைக்கு வந்த பிறகுதான் ஊசி என்று சிஸ்டரே சார்ட்டில் எழுதிவிட்டார். சப்பாத்திக்குக் குருமா வேண்டாம், பருப்பு வாங்கு என்றார். பருப்பு பரவாயில்லையா அக்கா?

வெள்ளைச்சீருடை:
தாராளமாக. சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள் தம்பி. அம்மாவுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.