பேட்டி வீடியோவுல பின்னணி மங்கவே மாட்டேங்குதுங்க

கேள்வி:
சென்னிமலையில கைத்தறி நெசவாளர் பேட்டிங்க. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். 18-ல வெச்சா பின்னாடி தறியில ஓடுற பாவு நூல்கூடத் தெளிவா விழுகுது. என்ன பண்றதுங்க?

பதில் 1:
தறிக்கு ஒட்டி உட்கார வெச்சா எந்த லென்ஸ்லயும் பின்னணி மங்காதுங்க. ஆளைப் பத்தடி முன்னால இழுங்க. லென்ஸை 55-க்குத் தள்ளிட்டு, நீங்க பின்னால நகருங்க.

பதில் 2:
50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிடைச்சா நல்லதுங்க. ஆனா வெளிச்சம் நுழையுற துவாரத்தை 1.8 வரைக்கும் முழுசாத் திறக்காதீங்க. ஒன்றரை மீட்டர்ல ஆறேழு செ.மீ.தான் தெளிவா நிக்கும். பேச்சு வேகத்துல முன்னால சாஞ்சா கண்ணு மங்கிப் போயிரும். துவாரத்தை 2.8-க்குக் குறைச்சா பத்து செ.மீ. கிடைக்கும்.

பதில் 3:
ஷட்டர் வேகம் 1/50 செகண்டுலயே இருக்கட்டும். துவாரத்தைத் திறந்ததுல வெளிச்சம் அதிகம்னு அதை ஏத்தினா கையசைவு வெட்டி வெட்டித் தெரியும், டியூப்லைட்டும் மினுங்கும். அதுக்குப் பதிலா வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரை லென்ஸ் முன்னால மாட்டுங்ணா.