வெற்றிலைத் தட்டும் மாதக் கட்டணமும்

எனக்கு யோகா சொல்லிக்கொடுத்த சார், காசு பற்றி வாய் திறந்ததே இல்லை. மதுரையில் அவர் வீட்டு மொட்டை மாடி, காலை ஐந்தரை மணி, ஆளுக்கொரு ஜமுக்காளம். குரு பூர்ணிமா அன்று வெற்றிலை பாக்குக்கு அடியில் 101 ரூபாய் செருகித் தட்டோடு கொடுப்போம். எண்ணிக்கூடப் பார்க்காமல் சாமி அலமாரியில் வைத்துவிடுவார்.

நானே யோகா வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, நானும் அப்படித்தான் இருக்க நினைத்தேன். ஆனால் ஹால் வாடகை 6,000. "இஷ்டப்பட்டதைப் போடுங்கள்" என்று ஒரு எவர்சில்வர் டப்பா வைத்தேன். மாதக் கடைசியில் 1,340 ரூபாய் இருந்தது, அதில் ஒரு கிழிந்த பத்து ரூபாய் நோட்டு வேறு. சரி என்று, மாதம் 800 என எழுதி ஒட்டினேன். மறுநாளே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஃபீஸ் வாங்கினாராம்மா?" என்று கேட்டார். அப்போது, தோளை ஊன்றிக் கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தில் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தது நான்தான். விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விடவில்லை.

சாரிடம் போய்ப் புலம்பினேன். "எனக்கு பேங்க் பென்ஷன் வருதும்மா, உனக்கு?" என்றார். இத்தனை வருடத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை. அப்புறம் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் கதையைச் சொன்னார். மைசூரில் 1933இல் அவருக்கு யோகசாலை அமைத்துக் கொடுத்ததே மகாராஜாதான். சமஸ்தானம் போனது, 1950இல் யோகசாலைக்கும் பூட்டு. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் சென்னைக்கு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இலவசம் என்றால் யாரோ ஒருவர் பின்னால் நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

* * *

நானும் யோகா டீச்சர்தான். உங்களுக்காவது பென்ஷன் வாங்கும் சார் கிடைத்தார். நான் ரிஷிகேஷில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சிக்கு அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டுப் போனேன். சான்றிதழ் வந்துவிட்டது, வளையல் இன்னும் வரவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் "வீட்டுக்கு வந்து நாலு ஆசனம் சொல்லிக்கொடேன்" என்கிறார்கள். டியூஷன் வாத்தியாரிடம் இப்படிக் கேட்பார்களா?

* * *

நான் கற்றுக்கொள்கிற பக்கம். வேலை போன சமயம், ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். டீச்சரே போன் செய்து, "உங்க வீட்டு முருங்கை காய்க்குதில்ல, அதைக் கொண்டு வாங்க" என்றார். மூன்று மாதம் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனேன். நாலாவது மாதம், "வேலை கிடைச்சிடுச்சாமே, இனி காசே கொடுங்க. எங்க வீட்ல சாம்பாரைக் கண்டாலே ஓடுறாங்க" என்றார்.