ஆலையின் வயதை ஆண்டறிக்கையில் கண்டுபிடிக்க முடியுமா?

திருவொற்றியூர்வாசி: எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக இயங்கும் ஒரு நிறுவனத்தின் பங்குகள் என்னிடம் உள்ளன; பெயர் வேண்டாம். அதன் ஆலை, எந்திரங்களின் மொத்த மதிப்பு, அதாவது ஏட்டில் உள்ள அடக்கவிலை, 100 கோடி; திரண்ட தேய்மானம், அதாவது இதுவரை தேய்ந்ததாகக் கழித்த தொகை, 40 கோடி. நிறுவனச் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை பொதுவான எந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுளைக் குறிப்பதால், அதில் நூற்றுக்கு 40 தேய்ந்த எந்திரங்களின் சராசரி வயது ஏறத்தாழ 6 ஆண்டு என்று கொள்கிறேன். எனவே எந்திரங்களை மாற்றும் பெருஞ்செலவு அண்மையில் வராது.

மணலி கணக்கர்: ஐயா, இந்தக் கணக்கை ஏற்க இயலாது. முதல் கட்டத்தில் இண்டு ஏஎஸ் (Ind AS) என்னும் புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைக்கு மாறிய நிறுவனங்கள், 2015 ஏப்ரல் 1 அன்று பழைய ஏட்டில் தேய்மானம் போக இருந்த நிகர மதிப்பையே அடக்கவிலையாகக் கருதிக்கொள்ள அனுமதி பெற்றன. 100 கோடிக்கு வாங்கி 70 கோடி தேய்ந்துபோன எந்திரம், அன்று காலை 30 கோடிக்குப் புதிதாக வந்திறங்கியதைப் போல ஏட்டில் அமர்ந்துகொள்ளும். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

ராயபுரம் பழையவர்: உவமை அநியாயம். மாப்பிள்ளை வீட்டார் மறைத்தார்கள். இவர்களோ கணக்கியல் கொள்கைக் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் பழைய மொத்த மதிப்பையும் அடிக்குறிப்பில் தருகின்றன. படிக்காதது நம் குற்றம். என்னைக் கேட்டால், எந்திரத்தைவிட நிலத்தைப் பாருங்கள் என்பேன். 2021 முதல், நிறுவனத்தின் பெயரில் உரிமைப் பத்திரம் இல்லாத அசையாச் சொத்துகளை, யார் பெயரில், எப்போதிலிருந்து, ஏன் என்ற விவரங்களோடு அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி வெளியிட வேண்டும்.

மணலி கணக்கர்: நிலம் தேய்வதில்லை, நண்பர் கேட்டது தேய்வதைப் பற்றி. அடிக்குறிப்பு இருந்தாலும், அட்டவணையின் முதல் வரியையே பார்த்து விகிதம் போடுபவர் ஏமாறுவார் என்பதை மறுக்க முடியுமா?

திருவொற்றியூர்வாசி: அடிக்குறிப்பு இருந்தது, நான்தான் தாண்டிச் சென்றிருக்கிறேன். 100 கோடியில் 55 கோடி 2015-இல் கருதப்பட்ட அடக்கவிலை. அப்போதைய அசல் மொத்த மதிப்பு 140 கோடி, தேய்ந்தது 85 கோடி. அவற்றைத் திரும்பச் சேர்த்தால், 185 கோடியில் 125 கோடி தேய்ந்திருக்கிறது. அதாவது தேய்ந்தது நூற்றுக்கு 40 அல்ல, 68. ஆயினும் 2015-க்குப் பின் 45 கோடிக்கு எந்திரங்கள் சேர்ந்திருப்பதால், பங்குகளை விற்க மாட்டேன்.

மணலி கணக்கர்: விற்பது தங்கள் விருப்பம். முடிவடையாத மூலதனப் பணிகள், அதாவது பணம் போட்டும் இன்னும் பயன்பாட்டுக்கு வராத சொத்துகள், எத்தனை ஆண்டாகக் கிடக்கின்றன என்று காட்டும் வயது அட்டவணையில் ‘மூன்று ஆண்டுக்கு மேல்’ என்ற பத்தியில் என்ன தொகை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.